மழைக்காக உயர்ந்து நின்ற கட்டைச் செருப்பு

நேயர்களுக்கு வணக்கம். மழைக்குப் போடுகிற காலணி என்றால் இன்று ரப்பர் பூட்ஸ்தான், தண்ணீர் உள்ளே வராமல் காலை முழுசாக மூடிவிடுவது. ஆனால் ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக காலைத் திறந்தே வைத்து, தரையிலிருந்து தூக்கி நிறுத்தி மழையைச் சமாளித்தார்கள். கெட்டா என்ற கட்டைச் செருப்பை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள், அடியில் குறுக்காக இரண்டு பற்கள் இருக்கும். மழைக்கென்றே அந்தப் பற்களை உயரமாக வைத்துச் செய்த வகைக்கு அஷிதா என்று பெயர்.

எதற்கு இவ்வளவு உயரம்? தோக்கியோ அப்போது எடோ என்ற பெயரில் இருந்த நகரம், தெருவெல்லாம் மண். ஒரு மழை பெய்தால் சேறுதான். கிமோனோவோ கணுக்கால் வரை இறங்குகிற உடை, பட்டில் சேறு பட்டால் துவைத்து எடுப்பது பெரும்பாடு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் தச்சு வேலை. கால் வைக்கிற பலகை கிரி மரம், ஜப்பானிய மரங்களிலேயே எடை குறைந்தது என்று பெயர் வாங்கியது, ஆனால் மென்மையான மரம் என்பதால் பல்லும் அதிலேயே இருந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் பலகையின் அடியில் குறுக்கே பள்ளம் வெட்டி, ஹோ என்கிற கடினமான மரத்தில் பல் செதுக்கி அதில் இறுக்கிச் செருகினார்கள். பல் தேய்ந்தால் பல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பலகை அப்படியே இருக்கும்! இந்த வேலைக்கென்றே கருவிகளோடு தெருத்தெருவாகப் போன தொழிலாளர்கள் இருந்தார்கள். வாரும் அப்படித்தான்: பலகையின் மூன்று துளைகளில் நுழைத்து அடியில் முடிச்சுப் போட்டது, பாதி வழியில் அறுந்தால் ஒரு துண்டுத் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடையைத் தொடரலாம். இடது, வலது என்ற பேதமும் பெரும்பாலும் கிடையாது, மாற்றி மாற்றிப் போட்டால் தேய்மானம் ஒரே பக்கம் விழாது.

சரி, கால் விரல் நனையுமே? அதற்கு முன்பக்கம் மாட்டுகிற ஒரு மூடி உண்டு, சுமகவா என்பார்கள். தோலிலோ எண்ணெய்க் காகிதத்திலோ செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. கியோத்தோ நகரத்தின் மைக்கோ பெண்கள், அதாவது கெய்ஷா என்கிற ஆடல் பாடல் கலைஞர் ஆவதற்குப் பயிற்சி பெறுகிறவர்கள், மழை நாளில் இன்றும் இதை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

உணவகச் சமையல்காரர்களும் ஈரத் தரைக்காக உயரமான கெட்டா போட்டார்கள். பிறகு தார்ச் சாலை வந்தது, மேற்கத்திய உடை வந்தது, ரப்பர் பூட்ஸ் வந்தது, உயரப் பல்லுக்குத் தேவை குறைந்துபோனது. அதற்காக அதை மட்டமான செருப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்தச் சேற்றுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறென்ன செய்திருக்க முடியும்?

ஹிரோஷிமா மாகாணத்தில் ஃபுகுயாமா நகரத்தின் மட்சுனகா பகுதி கெட்டா தயாரிப்புக்குப் பேர்போனது, அங்கே காலணிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஜப்பான் போகிறவர்கள் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். குதிகால் பலகையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும், அதுதான் சரியான அளவு. நடக்கும்போது குதிகாலை ஊன்றாமல் எடையை முன்னே சாய்த்துச் சின்னச் சின்னதாக அடி வையுங்கள், இல்லையென்றால் சேறு பின்னால் தெறித்து உடையில் அடிக்கும். வார் இறுக்கமாக இருந்தால் அப்போதே கடைக்காரரிடம் சொல்லுங்கள், முடிச்சை அவிழ்த்து உங்கள் காலுக்கு ஏற்றபடி கட்டித் தருவார்.