மழை போலக் கொடுத்தால் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். உதவி சிறப்பது கைம்மாறு கருதாத கொடையிலா, கொடுப்பவரும் பெறுபவரும் கலக்கிற உறவிலா? உறவில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், 'கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு' என்று குறளை எடுத்துவிட்டு, மழை மாதிரிக் கொடு, கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று முடித்தார். நல்ல கைதட்டல். வள்ளுவரோடு மோதுகிற துணிச்சல் எனக்கு இல்லை. மழையோடு கொஞ்சம் மோதலாம். 2015 டிசம்பரில் சென்னையில் பெய்ததும் மாரிதான் ஐயா! அதுவும் யாரிடமும் கைம்மாறு கேட்கவில்லை. யார் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்றும் கேட்கவில்லை.

பதிலுக்கு எதிர்பார்க்காதே என்றுதான் வள்ளுவர் சொன்னார். ஆளையே பார்க்காதே என்று எங்கே சொன்னார்? அந்த அதிகாரத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஒப்புரவறிதல்', ஊரோடு ஒத்து வாழத் தெரிவது. செய்ந்நன்றி பேசும்போது இன்னும் ஒரு படி மேலே போய், உதவியின் அளவு உதவியில் இல்லை, அதைப் பெற்றவரின் சால்பில் இருக்கிறது என்கிறார். அளவுகோலைத் தூக்கி வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டார்.

அதியமானைப் பாடிப் பரிசில் பெறப் போனார் பெருஞ்சித்திரனார். குன்றும் மலையும் கடந்து, கால் தேய நடந்த மனிதர். அதியமானுக்கு என்ன வேலையோ, நேரில் பார்க்காமலே பரிசிலை அனுப்பிவைத்தான். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்றார் புலவர். என்னைப் பார்க்காமலே என்னை எப்படி அறிந்துகொண்டான் அவன்? அறிந்து, மதித்துக் கொடுத்தால் தினை அளவு போதும் என்றார். வீட்டில் வறுமை. இன்னொரு பாட்டில் அந்த வறுமையையும் அவரே சொல்கிறார். ஆனாலும் வேண்டாம் என்றார். எதிரணித் தலைவர் அன்று அங்கே இருந்திருந்தால், 'கைம்மாறு கேட்காமல்தானே கொடுக்கிறார், வாங்கிக்கொண்டு போங்கள் புலவரே' என்றிருப்பார்.

சரி, இது பழைய கதை. 1935 மே மாதத்துக்கு வாருங்கள். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டுப்போய், தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியால் அழிந்த மனிதர். விட்டு ஐந்து மாதந்தான் ஆகிறது. ஒரு பக்கம் பார், அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி.

அந்த ஐந்து மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில் குடிகாரர்களைத் தேடித் தேடிப் புத்தி சொன்னார். நம் எதிரணி பாராட்டுகிற அதே முறையில், மேலே நின்று கீழே கொட்டினார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. யாரும் திருந்தாவிட்டால் என்ன, நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று அவர் மனைவிதான் எடுத்துச் சொன்னாராம். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இருபது வருடம் மேடையில் பேசினாலும் இந்த மாதிரி ஒரு வரி நமக்கு வராது, வீட்டில் இருப்பவருக்கு வந்துவிடும்.

அன்று ஆக்ரனில் பில்லுக்கு அது உறைத்தது. தொலைபேசியை எடுத்துப் பாதிரியார்களுக்குப் போட்டார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அவருக்கு உதவுவதற்காக மட்டும் அல்ல. அப்படி ஒரு ஆள் கிடைக்காவிட்டால் தானே அந்தப் பாருக்குள் போய்விடுவோம் என்ற பயம். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்கிற அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம் தருகிறேன் என்று வேண்டாவெறுப்பாக வந்தவர், பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பில் இந்த முறை உபதேசம் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார், எனக்கு நீங்கள் வேண்டும் என்றார். என் பாஷையில் பேசியவர் இவர்தான் என்று டாக்டர் பாப் பிற்பாடு எழுதினார்.

நடுவில் ஒருமுறை டாக்டர் பாப் சறுக்கி, மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்ததும் ஓர் அறுவைச் சிகிச்சை இருந்தது, கை நடுங்குகிறது. நடுக்கம் அடங்க ஒரு பாட்டில் பீர் கொடுத்தவர் யார் தெரியுமா? பில்தான்! எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வைத்தியம். அதுவே டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது. 1935 ஜூன் 10 என்று அந்த நாளைத்தான், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இன்று நம் ஊர்களிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. நேற்று விட்டவர் இன்று விட நினைப்பவரோடு உட்காருகிறார். அங்கே யார் கொடுப்பவர், யார் வாங்குபவர்? எதிரணி பிரித்துக் காட்டட்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா, மருத்துவர் நோயாளியோடு ஒட்டி உறவாடினால் வேலை நடக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அறுவை மேசையில் மயக்கமாகக் கிடக்கும்போது டாக்டர் எனக்குச் சிநேகிதராக வேண்டாம், கத்தி நேராகப் போனால் போதும். அதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண் விழித்த பிறகு? 1953-இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு வருகிறவர்களிடம் பேச ஒரு சேவையைத் தொடங்கினார். கூட்டம் சேர்ந்தது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணைக்கு இருக்கத் தொண்டர்களை வைத்தார். வந்தவர்களில் பலர் அந்தப் பேச்சிலேயே மனம் லேசாகி, அவரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை பாருங்கள், அதுதான் பெருமை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த வேலையையே தொண்டர்களிடம் விட்டுவிட்டார். சென்னையில் 1986-லிருந்து நடக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவும் இப்படித் தொண்டர்கள் காது கொடுக்கும் இடந்தான்.

அப்புறம் மொய். இருபக்க உறவு என்றால் மொய் நோட்டா என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்குப் போயிருக்கிறீர்களா? தொகை ஏறி ஏறிக் கழுத்தை நெரிக்கிறது என்பதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தலில் பணம் வாங்குகிறவர் தலை குனிந்து நிற்பதில்லை. நேற்று அவர் எழுதியவர், நாளை எழுதப்போகிறவர். நம் தானதர்மக் கூட்டங்களில் தையல் மிஷினை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற பெண்ணின் முகத்தையும் பாருங்கள்.

கடைசியாக என் வீட்டுக் கதை. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிசியோதெரபி தம்பி தினமும் வருவார், கெட்டிக்காரர். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தோம், இருபது வயசுகூட இருக்காது. ஒருநாள் கால் கிலோ முல்லையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, எனக்கு நெருக்கமாக் கட்ட வரல, சொல்லிக் குடுங்க" என்றாள். அவள் கட்டின லட்சணத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, இது பூச்சரமா, வேலிக் கம்பியா? விட்டு விட்டுக் கட்டுற!" வாய் கோணியிருந்தது, ஆனாலும் திட்டு தெளிவாக வந்தது. நூலின் நுனியை அவள் அம்மாவின் வலது கையில் திணித்து, "இழுத்துப் பிடிங்க" என்பாள். தம்பி கெஞ்சியும் மடங்காத விரல், திட்டுகிற அவசரத்தில் மடங்கியது.

கை முழுசாகத் திரும்பவில்லை. அந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே கோயில் வாசல் பூக்கடைக்கு முழக்கணக்கில் கட்டிக் கொடுக்கிறாளாம். வெள்ளிக்கிழமையானால் வாட்ஸ்அப்பில் சரத்தின் படம் வரும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை இடது கையில் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணாவது கண்ணியில விட்டிருக்கா, போன் போட்டுக் குடு" என்பார்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.