எத்தனை மில்லி உங்கள் கப்?

வணக்கம் நேயர்களே.

சமையல் குறிப்பில் 'ஒரு கப் மாவு' என்று வருகிறது. எந்தக் கப்? அமெரிக்கக் குறிப்பு என்றால் ஏறத்தாழ 240 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பில் 250, ஜப்பானியக் குறிப்பில் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஆகவே மில்லி அளவு போடாத கப்பையும் கரண்டியையும் வாங்காதீர்கள். அந்த எண்ணும் உலோகத்தில் பொறித்ததாக இருக்கட்டும். அச்சடித்தது நாலைந்து மாதத் தேய்ப்பில் போய்விடும்.

கப் சரியாக இருந்தாலும் மாவு ஏமாற்றும். கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு, கத்தி முதுகால் வழித்துவிட்டால் 240 மில்லி கப்பில் சுமார் 120 கிராம் மைதா பிடிக்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும். கொதிக்கிற பாத்திரத்தை ருசி பார்த்துத் திருத்தலாம். ஓவனுக்குள் போன கேக்கைத் திருத்த வழியில்லை. அதனால் முதல் செலவு டிஜிட்டல் தராசுக்குத்தான்.

வீட்டுக்கு 5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் வரை காட்டும் தராசு போதும். பெரிய பாத்திரம் வைத்தாலும் எண் மறையாததாகப் பாருங்கள். கடையிலேயே ஒரு பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். எண் ஓரிரு கிராமுக்கு மேல் மாறினால் வேண்டாம்.

ஈஸ்ட், சோடா உப்பு போன்றவற்றைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் இந்தத் தராசு சில சமயம் அசையவே அசையாது. அது பழுது அல்ல. மிகச் சிறிய, மெதுவான மாற்றத்தைத் தானாகப் பூஜ்யமாக்கிக்கொள்ளும்படிதான் பல தராசுகளைச் செய்கிறார்கள். 5 கிராமுக்குக் குறைந்ததை 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுங்கள்; இல்லையென்றால் தேக்கரண்டியால் அளங்கள்.

அந்தத் தேக்கரண்டியைச் சோதிக்கத் தண்ணீர் போதும். 1 மில்லி தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம். தராசில் கிண்ணம் வைத்துப் பூஜ்யமாக்கி, பத்துத் தேக்கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். 50 கிராம் வர வேண்டும். ஒரே ஒரு கரண்டித் தண்ணீரை வைத்து முடிவு கட்டாதீர்கள், பிழை அதில் தெரியாது. 240 மில்லி கப்பைத் தளும்ப நிரப்பினால் 235 முதல் 245 வரை சரிதான். 220 காட்டினால் அந்தக் கப் அரிசி அள்ள ஆகும், அளக்க ஆகாது.

எண்ணெயைத் தராசின் 'மில்லி' பொத்தானில் அளக்காதீர்கள். சாதாரணத் தராசில் அது தண்ணீருக்கான கணக்கு. 100 மில்லி எண்ணெய் சுமார் 92 கிராம்தான். திரவங்களுக்குக் கண்ணாடிக் குவளை நல்லது. அதைச் சமதளத்தில் வைத்து, குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, திரவத்தின் அடி வளைவைப் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் குவளை சாயும், அளவும் சாயும்.

உப்பில் இன்னொரு சிக்கல்: ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம், செதில் உப்பு அதில் பாதிகூட இருக்கலாம்.

வேலை முடிந்ததும் தராசின் மேல் பாத்திரங்களை அடுக்காதீர்கள். அடியில் எடையை உணரும் உலோகத் துண்டு நாளடைவில் வளைந்து, பூஜ்யமே தவறிவிடும்.

வணக்கம்.