இசை மேற்படிப்புக்கு ஒரு கேள்வி போதும்

(மட்டக்களப்பில், இசையில் மேற்படிப்புக்கு ஆயத்தமாகும் மாணவரும் பாடசாலை இசையாசிரியரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு என் வணக்கம்.

"சேர், எந்தத் தலைப்பை எடுக்கலாம்?" மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். தலைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கேள்வி வேண்டும், அதுவும் உங்களைத் தூங்கவிடாத கேள்வியாக வேண்டும். பட்டப் படிப்பில் அறிமுறைக்கு ஒரு தாள், செய்முறைக்கு ஒரு நாள், கற்பித்தற் பயிற்சிக்கு ஒரு தவணை என்று பிரித்துப் பிரித்தே படித்து வந்துவிட்டீர்கள். அந்தக் கட்டத்துக்கு அது சரி. முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி என்று மேலே போகும்போதும் அதே பிரிவினை தொடர்வதுதான் என்னை வருத்துகிறது. இசையின் இலக்கணமான இலட்சணம் தெரிந்தவர் ஆய்வேடு எழுதுகிறார். குரல் உள்ளவர் கச்சேரி செய்கிறார். இரண்டிலும் பெயர் எடுக்காதவர்தான் படிப்பிக்கப் போகிறார் என்று ஊர் பேசிக்கொள்கிறது. அந்தப் பேச்சை நாமும் பாதி நம்பிவிட்டோம்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு கேள்வியை எடுத்தால் அதை ஏட்டிலும் அரங்கிலும் வகுப்பறையிலும் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதிக்காத படிப்பை மேற்படிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓர் உதாரணம். அந்தர காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிய எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சுரம் அது. 90 சென்றிமீற்றர் நீளத் தந்தி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். திறந்த தந்தி சட்ஜம். 45இல் அழுத்தினால் மேல் சட்ஜம். 60இல் பஞ்சமம், 67.5இல் சுத்த மத்திமம். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. காந்தாரம் எங்கே? ஐந்துக்கு நான்கு என்ற விகிதப்படி பார்த்தால் 72இல். பஞ்சமத்துக்குப் பஞ்சமம், அதற்கும் பஞ்சமம் என்று இளி முறையாக (இளி என்பது பஞ்சமத்தின் பழந்தமிழ்ப் பெயர்) நான்கு தரம் ஏறி, ஸ்தாயியை, அதாவது சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையான இடைவெளியை, குறைத்துக்கொண்டு வந்தால் 71.1இல். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்த ஹார்மோனியக் கட்டையில் உள்ள காந்தாரத்தைத் தந்தியில் தேடினால் 71.4இல். ஒன்பது மில்லிமீற்றருக்குள் மூன்று காந்தாரங்கள் இருக்கின்றன. அந்த இளி முறையைப் பன்னிரண்டு தரம் தொடர்ந்தால் ஏழு ஸ்தாயி ஏறிச் சட்ஜத்திலேயே வந்து முட்ட வேண்டும் என்று நினைப்போம். முட்டாது. 524288க்கு 531441 என்ற கணக்கில் கொஞ்சம் மேலே போய் நிற்கும். இந்தக் 'கொஞ்சம்' தான் உலகெங்கும் இசைக் கணக்கர்களைப் பல நூற்றாண்டுகளாக அலைக்கழித்தது.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இந்தக் கணக்குகளோடு ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டியவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒரு கையிலும் கணிதத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டுதான் 'யாழ் நூல்' எழுதினார். அதில் யாழுறுப்பியல் இருக்கிறது, இசைநரம்பியல் இருக்கிறது, பாலைத்திரிபியல் இருக்கிறது, தேவாரவியலும் இருக்கிறது. அவர் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அந்நூலை அரங்கேற்றியபோது, அவருடைய கணக்கின்படி செய்த யாழ்களும் அவைக்கு வந்தன, மீட்டியும் காட்டப்பட்டன. மறு மாதம் சுவாமி மறைந்தார். தம்முடைய கொள்கை காதில் விழுந்த பிறகே அவர் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டி எழுப்பியவரும் அவர்தான். அவர் பெயரைத் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் அதே கல்லடியில் நிற்கிறது. படத்துக்கு மாலை போட்டால் மட்டும் போதாது, அவர் வேலை செய்த முறையையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனிக் காந்தாரத்தை அரங்குக்குக் கொண்டுபோங்கள். பாடகர் யாரும் தந்தியை அளந்து பாடுவதில்லை. சங்கராபரணத்தில் காந்தாரம் நிலையாக நின்று பேசும். தோடிக்கு வந்தால் காந்தாரத்தின் வகையே மாறிவிடுகிறது, அது சாதாரண காந்தாரம். அதை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திப் பாருங்கள், தோடியே போய்விடும். அப்படியானால் தந்தியில் குறித்த புள்ளி எதற்கு? கமகம், அதாவது சுரத்தின் அசைவு, எந்த இடத்திலிருந்து புறப்பட்டு எந்த இடத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்று சொல்வதற்கு அந்தப் புள்ளி வேண்டும். நீங்களே பாடிப் பதிவுசெய்து, ப்ராட் போன்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தால் உங்கள் குரல் போன பாதை கோடாக வந்து நிற்கும். 'நான் சுத்தமாகத்தான் பாடினேன்' என்ற நம்பிக்கை அந்தக் கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் ஆட்டம் காணும். அந்த ஆட்டத்திலிருந்துதான் ஆய்வு தொடங்கும்.

வகுப்பறைக்கு வருவோம். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது பிள்ளைகள், ஒரு ஹார்மோனியம். நம் பாடசாலைகளில் சங்கீத வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஸ்தாயியை 1200 கூறாகப் பிரித்தால், ஐந்துக்கு நான்கு என்ற காந்தாரம் 386ஆவது கூறில் நிற்கும். ஹார்மோனியக் காந்தாரம் 400இல் நிற்கும். பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் இரண்டே கூறுதான், காதுக்குத் தெரியாது. காந்தாரத்தில் பதினான்கு கூறு. பழகிய காதுக்கு நன்றாகவே தெரியும். நல்ல தம்புராவைச் சுருதி கூட்டி மீட்டுங்கள். மந்தர (கீழ் ஸ்தாயி) சட்ஜத் தந்திக்குள்ளிருந்து காந்தாரம் தானாகவே எழும். யாரும் அழுத்தாத, யாரும் பாடாத காந்தாரம் அது. சுயம்பு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். தரம் 6இல் ஹார்மோனியத்தோடு சரளி வரிசை படித்த பிள்ளைக்கும் தம்புரா ஒலியோடு படித்த பிள்ளைக்கும் ஓராண்டு கழித்துக் காந்தாரம் ஒரே இடத்தில் விழுமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் போதும், ஒரு முதுமாணி ஆய்வேடு நிறைந்துவிடும். அறிமுறை தெரியாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. குரல் இல்லாமல் மாதிரி பாடிக் காட்ட முடியாது. பிள்ளைகளோடு பழகத் தெரியாதவருக்குப் பதில் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்று. ஆண் ஆசிரியர் தன் குரலுக்குத் தோதான ஒன்றரைக் கட்டைச் சுருதியில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளைகளையும் அதே சுருதியில் இழுப்பதைக் கேட்டிருக்கிறேன். மந்தரத்தில் பிள்ளைகளுக்குச் சத்தமே வராது. சத்தம் வராத பிள்ளையைச் 'சுருதி சேராத பிள்ளை' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதிக்குக் கொண்டுபோனால் அதே பிள்ளை மணி மாதிரிப் பாடும். பிறகு தரம் 8, 9இல் ஆண் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு வரும். நேற்றுவரை முன்வரிசையில் நின்று பாடிய பையனுக்கு இன்று குரல் இரண்டாகப் பிளக்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள், அவன் சங்கீதத்தை விட்டுவிட்டுச் சித்திரத்துக்குப் போய்விடுவான். அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அவனுக்கு எந்தச் சுரங்களுக்குள் பாடம் கொடுப்பது, எப்போது பாடவைக்காமல் தாளத்தில் வைத்திருப்பது, மிருதங்கத்துக்கோ வயலினுக்கோ எப்படித் திருப்புவது என்பதெல்லாம் உயர்ந்த ஆய்வுக்குரிய விஷயங்கள். பாடகரின் மனோதர்மத்தை, அதாவது அவ்வப்போது கற்பனையாகப் பாடுவதை, பற்றி எழுதும் ஆய்வேட்டை விட இதை ஒரு படி கீழே வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இசைப் பட்டம் பெற்று வெளியேறும் நம் பிள்ளைகளில் பலர் போய்ச் சேருவது பாடசாலைக்குத்தானே!

அறிமுறையும் ஆற்றுகையும் கற்பித்தலும் சேர்ந்தே இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் கன்னன்குடாவுக்கோ சீலாமுனைக்கோ போய்க் கூத்துப் பழக்குவதைப் பாருங்கள். ஆளுக்கேற்ற பாத்திரம் தெரிவுசெய்வதில் தொடங்குகிறார் கூத்து ஆசானான அண்ணாவியார். பிறகு சட்டம் கொடுப்பது. அவரவர் பாடவேண்டிய பகுதி அவரவர் கைக்கு வருகிறது. பகலில் வயலிலும் வாவியிலும் நின்றவர்கள் இரவில் களரிக்கு வருகிறார்கள். அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்கிறார், மத்தளத்தில் போடுகிறார், வந்தவர் காலில் எடுக்கிறார். பிழைத்தால் மீண்டும் வாயிலிருந்து தொடங்குகிறது. ஆட்டம் காலில் ஊறுவதற்கு முன்னால் சதங்கை கிடையாது. சதங்கை அணிவது ஊரறிந்த ஒரு விழா. அதற்குப் பிறகு கிழமைக் கூத்து, பிறகு முழுவதையும் ஒருசேர ஆடிப் பார்க்கும் அடுக்கு, கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம். இதை ஒரு பாடவிதானமாக எண்ணிப் பாருங்கள். படிமுறை இருக்கிறது, இடைக்கால மதிப்பீடு இருக்கிறது, அடுத்த படிக்கு யார் தகுதி என்ற தீர்ப்பு இருக்கிறது, பரீட்சகராக ஊரே உட்கார்ந்திருக்கிறது. கூத்தின் இரு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் பாட்டு இழுப்பிலும் ஆட்ட வேகத்திலும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். அண்ணாவியார் வரைவிலக்கணம் சொல்லமாட்டார், பாத்திரம் களரிக்கு வரும் ஒரு வரவைப் பாடி இரண்டு விதமாகவும் ஆடிக் காட்டுவார். அறிமுறை அவர் உடம்பில் இருக்கிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்து மாணவருக்குக் கூத்துப் பழக்கினார். கர்ணன் போரும் இராவணேசனும் அப்படித்தான் மேடைக்கு வந்தன. அந்தப் பட்டறையில் ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். ஆடியவரே ஆராய்ந்தார், ஆராய்ந்தவரே படிப்பித்தார். நாடகத்துறை செய்து காட்டியதை இசைத்துறை ஏன் செய்யக்கூடாது? மரபுக் கூத்தில் மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும்தான் பிரதானம். முன்னிரவில் அண்ணாவியார் எடுத்த சுருதி விடியற்புறத்தில் எங்கே நிற்கிறது? பிற்பாட்டுக்காரர் அதை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள்? அவர்கள் காந்தாரம் அந்த மூன்று புள்ளிகளில் எதற்குப் பக்கத்தில் விழுகிறது?

பறைமேளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கினால் என் மனம் ஆறாது. சடங்குக்கும் சாவுக்கும் பறை வேண்டும் என்கிறோம். அடிக்கிறவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். அவர்கள் கையில் இருக்கும் தாளங்களுக்குப் பெயர் உண்டு, ஒழுங்கு உண்டு, எந்த வேளைக்கு எது என்ற முறையும் உண்டு. அந்தக் கலைஞர் ஒருவரைப் பல்கலைக்கழக வகுப்புக்கு அழைத்தால், விரிவுரையாளருக்குப் போடும் அதே கதிரையைப் போடுங்கள், வருகை விரிவுரையாளருக்குரிய கொடுப்பனவையும் கொடுங்கள். 'தகவலாளர்' என்று அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டு அவருடைய தாளத்தில் நீங்கள் கலாநிதி ஆவது அநியாயம்.

வெளிநாட்டிலும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாண்டில் ஹூட் என்ற ஆய்வாளர், பிறர் இசையை ஆராய்கிறவர் அதை வாசிக்கவும் கற்க வேண்டும் என்று 1960இல் எழுதினார். அதற்குப் பெயர் வைத்து முறைமையும் செய்தார். அவர் சொன்னதை நாம் அங்கிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. நம் பிரச்சினை வேறு. நம் பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் படிப்படியாக ஏறி, கீர்த்தனை நூறு பாடம் செய்து, தம்பிலுவில்லில் தன் அம்மம்மா பாடும் குளிர்த்தி என்ற கண்ணகி அம்மன் பாடலை இசையென்று எண்ணாமலே வளர்ந்துவிடுகிறார்கள். கர்நாடக இசையை விடச் சொல்லவில்லை. நானும் அதில் ஊறியவன். அந்தப் பயிற்சி கொடுத்த கூர்மையான காதோடு திரும்பிப் போய் அம்மம்மாவைக் கேளுங்கள் என்கிறேன். அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பெண்களின் கவியையும், அங்கே கோல்களைத் தட்டிப் பொல்லடிக்கும் பெரியவர்களையும் அதே காதால் கேளுங்கள். சிறு வயதில் காதில் விழுந்த மெட்டுக்கும் வகுப்பில் வைக்கும் மாயாமாளவகௌளைக்கும் இடையில் பிள்ளையின் மனம் எப்படிப் பாலம் போடுகிறது என்று இன்னும் நாம் ஒழுங்காகக் கேட்கவேயில்லை.

வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்துவிடும். போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில சொல்லி முடிக்கிறேன். சடங்கு தொடங்குவதற்குச் சில நாள் முன்பே போய்க் பூசை செய்யும் கட்டாடியாரையும் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரையும் கண்டு பேசுங்கள். எதைப் பதிவுசெய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அவர்கள் சொல்வதே முடிவு. குளிர்த்தி பாடும்போது ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், தூர வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நில்லுங்கள். ஒலிப்பதிவில் திகதி, இடம், பாடியவர் சொல்லச் சம்மதித்த விவரம் மூன்றையும் அன்றிரவே எழுதிவையுங்கள். ஒரு பிரதி கோயிலுக்கு, ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கு, ஒன்று அந்த ஊர்ப் பாடசாலைக்கு. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன்னர், அதே பாடசாலையில் ஒரு வகுப்பை எடுத்து, நீங்கள் கண்டதை அந்தப் பிள்ளைகளுக்குப் பாடிக் கற்பித்துக் காட்டுங்கள். பரீட்சகர்களையும் அந்த வகுப்புக்கு அழைத்து வாருங்கள். அவர்களுக்குக் கதிரை போடும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

நன்றி, வணக்கம்.