கவுன்சிலிங் முதலிலா, புகார் முதலிலா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்கள்: "என் அக்கா மகளுக்கு 7 வயது. ஒரு மாதமாக டியூஷன் என்றாலே அழுகிறாள். ராத்திரியில் படுக்கையை நனைக்கிறாள். கேட்டால் வாயே திறப்பதில்லை. கவுன்சிலரிடம் கூட்டிப்போய் உண்மையைத் தெரிந்துகொண்டு, அப்புறம் போலீஸுக்குப் போகலாமா?"

முதலில் டியூஷனை நிறுத்துங்கள். அதற்குக் கவுன்சிலரின் பதில் வரவேண்டியதில்லை.

இந்த அறிகுறிகளை வைத்து மட்டும் பாலியல் தொந்தரவுதான் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. டியூஷனில் அடி விழுந்திருந்தாலும் குழந்தை இப்படி ஆகலாம். ஆனால் கவுன்சிலர் துப்பறிபவர் இல்லை. குழந்தையோடு விளையாடி, படம் வரையச் சொல்லி, அது தானாகப் பேசும் வரை காத்திருப்பார். அவசரப்பட்டு "அந்த மாமா உன்னை இங்கே தொட்டாரா?" என்று நீங்களும் பாட்டியும் மாறி மாறிக் கேட்டால், பெரியவர்கள் எதிர்பார்க்கும் பதிலைக் குழந்தை சொல்லப் பழகிவிடும். பின்னால் நீதிமன்றத்தில், சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட அதுவே இடம் கொடுக்கும். அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது.

கவுன்சிலராலும் அப்படி ரகசியம் காக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அது உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் கவுன்சிலிங் முடியட்டும் என்று புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

போலீஸ் என்றால் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, போலீஸ் சீருடை இல்லாமல் வந்து, பெற்றோரையோ அவள் நம்பும் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதவேண்டும். வழக்கு நடக்கும்போது கூடவே இருக்க, குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரையும் நியமிக்க முடியும். உண்மையில் கவுன்சிலிங்கின் பெரிய வேலை இந்த மாதங்களில்தான். தன்மேல் தப்பு இல்லை என்று அந்தக் குழந்தை நம்பவேண்டும், மறுபடி நிம்மதியாகத் தூங்கவேண்டும். அம்மாவுக்கும் அப்போது கவுன்சிலிங் தேவைப்படும்.

யாரிடம் தொடங்குவது என்று தெரியவில்லையா? குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவர்களிடமும் சொல்லுங்கள், சகோதரி.