ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(ராயபுரத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, பந்தலும் விளக்கும் தந்த மீனவப் பெரியவர்களே, முக்கியமாக, காசிமேட்டு ஏலத்தை முடித்த கையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கட்சிக்காரர், அதாவது தன்னிடம் வழக்கை ஒப்படைத்தவர், அவர் பணத்தைக் கையாடும் வக்கீலை என்ன செய்வது? மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்: விதி என்ன, தண்டனை என்ன, நாங்கள் கேட்பது என்ன. என் பாட்டி எதற்கெடுத்தாலும் ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விதியும் அதைத்தான் சொல்கிறது. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளின்படி, கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும். அவர் சார்பில் பணம் வந்தால் சீக்கிரமே தெரிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். ‘வருவதில் இத்தனை பங்கு எனக்கு’ என்று பேசுவதே தவறு. இதைக் கேட்டு முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது.

எங்கள் தெருவில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி மோதி வீட்டுக்காரர் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வந்து, ‘கேஸை நாங்க பார்த்துக்கிறோம்’ என்று வக்காலத்திலும் வெள்ளைத் தாளிலும் கையெழுத்து வாங்கினார். நான்கு வருஷம் கழித்து வக்கீலே வங்கிக்கு அழைத்துப்போய்க் கணக்குத் தொடங்க வைத்தார். செக் புக் வந்ததும் தாளுக்குத் தாள் கையெழுத்து வாங்கித் தானே வைத்துக்கொண்டார். அப்புறம் எப்போது போனாலும், ‘ஆர்டர் இன்னும் வரலைம்மா’.

ஒருநாள் அக்காவும் நானும் பாஸ்புக் பதியப் போனோம். மெஷின் கரகரவென்று இழுத்து அச்சடித்தது. இழப்பீடு ஆறு லட்சம் வரவு. மூன்றாம் நாளே ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் பற்று. தேதியைப் பார்த்தால் பதினான்கு மாதம் ஆகியிருந்தது! அக்கா அழவில்லை. பையிலிருந்து கடன் நோட்டை எடுத்தார். நாற்பது பக்க நோட்டு, எண்ணெய் ஊறிப் பழுப்பேறியது. ‘நெத்திலி, ஏழு ரூபாய், பாக்கி’ என்ற வரியில் விரலை வைத்து, ‘ஏழு ரூபாய்க்கே நான் எழுதி வெச்சிருக்கேன் தம்பி, படிச்சவருக்கு எழுத நேரமில்லையா?’ என்றார். அவர்தான் அளந்து போடுகிறவர். பார் கவுன்சிலில் புகார் கொடுத்தோம். பாதிப் பணம் வந்திருக்கிறது. புகார் இன்னும் நடக்கிறது.

சரி, தண்டனை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில், கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பைஜு வழக்கைப் பாருங்கள். பைஜு எழுதப் படிக்கத் தெரியாத முதியவர். நில எடுப்பு இழப்பீடாக அவருக்கு வந்த 8,118 ரூபாயை வக்கீல் 1987-இல் எடுத்துத் தானே வைத்துக்கொண்டார். பார் கவுன்சில் மூன்று ஆண்டு தடை போட்டது. அது போதாது என்று உச்ச நீதிமன்றம் பெயரையே நீக்கியது. தொகை சின்னது என்று விட்டுவிடவில்லை.

ஆனால் பணம் போன பிறகு தண்டித்து அக்காவுக்கு என்ன லாபம்? அதனால்தான் நாங்கள் கேட்கிறோம்: கட்சிக்காரர் பணத்தை வக்கீல் தன் பணத்தோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைக்கட்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வக்கீல்கள் அப்படித்தான் வைத்தாக வேண்டும். ரசீதும் கணக்குத் தாளும் தமிழில் கொடுக்கட்டும். இங்கே வந்திருக்கும் வழக்கறிஞர்கள் நாளைக்கே ஆரம்பிக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு அளந்து போடுவதில் என்ன கஷ்டம்?

பார் கவுன்சிலுக்கு அனுப்பும் மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. கருவாட்டு அக்காதான் முதல் கையெழுத்து. தமிழில் இருந்ததால் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பேனாவைக் கேட்டார். நீங்களும் படித்துவிட்டுப் போடுங்கள். மைக்கைத் தலைவரிடம் கொடுக்கிறேன்.