யார் தப்பு என்று கேட்பதற்கு முன்னால்

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களாகவும் மாவட்ட அதிகாரிகளாகவும் பொறுப்பேற்கப் போகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தலைமைப் பண்பைப் பற்றிப் பொதுவாகப் பேச எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது எப்படிக் குறைந்தது, அதை மட்டும் பேசுகிறேன்.

2001-03இல் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அந்த எண்ணிக்கை 54. அதே ஆண்டுகளில் இந்திய அளவில் 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து இரவு பகலாகப் பிரசவம் பார்க்கச் செய்தது, சிக்கலான பிரசவங்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் அவசர சிகிச்சை தரும் சீமாங் மையங்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் எல்லாமே உதவின. ஆனால் இவற்றுக்கு இடையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது தாய்மார் இறப்பு ஆய்வுதான் என்பது என் கருத்து.

ஒரு தாய் இறந்துபோனால் மருத்துவமனைக் கோப்போடு விஷயம் முடிவதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடக்கும். இறந்தவரின் கணவரோ அம்மாவோ வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார்கள். வலி எப்போது வந்தது, வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தோம், ரத்தம் வாங்க யார் ஓடினார்கள். எந்த கேஸ் ஷீட்டிலும் இதெல்லாம் இருக்காது. அவர்கள் பேசிவிட்டுப் போன பிறகுதான் மருத்துவர்களின் முறை.

கூட்டத்தின் தலைமை நாற்காலியில் இருப்பவர் அடுத்து என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "யார் டியூட்டி?" என்று ஆரம்பித்தால் உண்மை அங்கேயே நின்றுவிடும். அப்புறம் நடப்பது இன்னும் மோசம். நம் கையில் இறந்துவிடக் கூடாது என்ற பயத்தில், இங்கேயே பார்க்கக்கூடிய கேஸையும் மேலே ரெஃபர் செய்வார்கள். வழியில் ஒரு மணி நேரம் போகும். ரத்தப்போக்கு உள்ள தாய்க்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். அலட்சியம் நடந்தால் நடவடிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனி வழி இருக்கிறது. இந்த மேஜையில் கேட்க வேண்டியது, தாமதம் எந்த இடத்தில் வந்தது என்பது.

ஒன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டினால் முதலில் கை போவது ஆக்சிடோசினுக்கு. அந்த ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும், ஆனால் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நர்ஸ் சரியான நேரத்தில் சரியான அளவில் போட்டிருப்பார், ரத்தம் நிற்காது. இங்கே யாரைத் தண்டிப்பீர்கள்? மருந்துக் கிடங்கிலிருந்து பிரசவ அறை வரை அது எப்படி வந்தது, இரவில் கரண்ட் போனபோது ஃப்ரிட்ஜ் என்ன ஆனது என்று தேடிப்போகிறவர்தான் அடுத்த தாயைக் காப்பாற்றுகிறார். ரவுண்ட்ஸ் போகும்போது ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரையும் பதிவேட்டையும் நீங்களே பாருங்கள். பதிவேட்டில் மாதம் முழுக்க 4 டிகிரி என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தால், கோபப்படாமல் ஏன் என்று விசாரியுங்கள். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்துகொண்டிருக்கலாம்.

ஆய்வுக் கூட்டத்துக்கு மகப்பேறு மருத்துவரை மட்டும் அழைக்காதீர்கள். அன்று இரவு பிரசவ அறையில் நின்ற செவிலியரை அழையுங்கள், அவரை முதலில் பேச விடுங்கள். பெரிய டாக்டர் பேசி முடித்த பிறகு ஒரு இளம் செவிலியர் வாய் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மகளை இழந்த துக்கத்திலும் அந்த அம்மா ஆட்சியர் அலுவலகம் வரை வந்து பேசிவிட்டுப் போகிறார். அவர் சொன்னதால் ஒரு ஃப்ரிட்ஜ் மாறியிருந்தால், ஒரு ரத்த சேமிப்பு அறை திறந்திருந்தால், அந்தப் பகுதி கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே போய் அதைச் சொல்ல வேண்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலேயே இந்த வேலையை எழுதி, யார் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்றும் போட்டுவிடுங்கள்.