துணியில் பிடித்த புரதம் கழுவினால் போய்விடுமா?

ஒரு கேள்வி: "நானோ துகள் பூசிய துணி புரதத்தைப் பிடித்து வைக்கும் என்கிறீர்கள். வெறும் பருத்தித் துணியிலேயே இரத்தக்கறை ஒட்டுகிறதே, துகள் எதற்கு? ஒட்டியதும் கழுவினால் போகாதா?"

இரத்தக்கறையையே எடுத்துக்கொள்வோம். ஈரம் காயாத கறை குளிர்ந்த நீரில் பெரும்பாலும் போய்விடும். வெந்நீரில் போட்டால் இறுகிவிடும். புரதத்தின் மடிப்புகள் சூட்டில் அவிழ்ந்து இழையோடு சிக்கிக்கொள்கின்றன. அதுவும் பிடிப்புதான், ஆனால் செத்த பிடிப்பு. நமக்கு வேண்டியது, புரதம் தன் வடிவம் குலையாமல், வேலை செய்யும் நிலையில் துணியில் தங்குவது.

துகள் முதலில் தருவது இடம். 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) விட்டமுள்ள சிலிக்கா, அதாவது மணலின் முக்கியப் பொருளால் ஆன துகள்கள் ஒரு கிராம் இருந்தால், அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 130 சதுர மீட்டர். இன்னொன்று மின்னூட்டம். முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் என்ற புரதம் பாக்டீரியாவின் சுவரை உடைப்பது; அது நடுநிலை நீரில் நேர் மின்னூட்டம் கொண்டது, சிலிக்கா எதிர் மின்னூட்டம் கொண்டது. இரண்டும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதமோ எதிர் மின்னூட்டம் உடையது. அதைப் பிடிக்க, துகளின் மேல் நேர் மின்னூட்டம் பெறும் அமீன் தொகுதிகளை (நைட்ரஜன் கொண்ட வேதித் தொகுதிகள்) ஏற்றி மின்னூட்டத்தை மாற்ற வேண்டும்.

இப்போது கழுவுவதற்கு வருவோம். மின்னூட்டத்தால் மட்டும் ஒட்டியது, உப்பு மிகுந்த நீரில் பெரிதும் கழன்றுவிடும். புரதத்தைப் பிரித்தெடுப்பதுதான் நோக்கம் என்றால் அது வசதியே: பிடி, கழுவு, உப்பு நீரால் விடுவி. நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் குளூட்டரால்டிஹைடு போன்ற இணைப்பானால் வேதிப்பிணைப்பு போட வேண்டும். துகளும் இழையை விட்டு உதிரக் கூடாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. துகளே போனால் புரதமும் அதோடு போய்விடும்.

ஆனால் பிடியை இறுக்க இறுக்க, வெந்நீரில் நடந்ததே இங்கும் நடக்கலாம். பரப்போடு பல இடங்களில் கட்டுண்ட புரதம் மெல்ல அவிழக்கூடும். லைசோசைம் பெரிய சிலிக்கா துகளைவிடச் சிறிய துகளின் மேல் வடிவத்தை நன்றாகக் காத்துக்கொள்கிறது. சிறிய துகளின் வளைவு அதிகம், தொடும் இடம் குறைவு.

அதனால் எவ்வளவு புரதம் ஒட்டியது என்று அளந்தால் மட்டும் போதாது என்று நான் வலியுறுத்துவேன். லைசோசைம் பிடித்த துணியை நன்றாகக் கழுவி, லைசோசைம் உடைக்கக்கூடிய பாக்டீரியா கலங்கிய நீரில் போடுங்கள். துணியிலிருந்து லைசோசைம் கசியவில்லை என்று உறுதிசெய்த பிறகும் நீர் தெளிந்தால், லைசோசைம் உயிர்ப்போடு துணியிலேயே இருக்கிறது.